கார்டெல் மேடக்ஸின் முதல் சாவு

என் அண்ணன் கார்டெல் மேடக்ஸ் இறந்துவிட்டான் என்று ரேடியோ சொன்னபோது நான் மிஸ் யூலாவின் முடியைச் சூடான இரும்புச் சீப்பால் நீவிக்கொண்டிருந்தேன். சட்டனூகாவில், ஒன்பதாம் தெருவில் இருந்த அழகுநிலையத்தில் அப்போது எனக்கு வேலை. சோப்பு விளம்பரத்துக்கும் மாவு விளம்பரத்துக்கும் நடுவே பாட்டுப் போடுகிற அறிவிப்பாளன் அன்று காலை ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்தினான். தொண்டையைச் செருமினான்.

"நம்ம ஊர்ப் புள்ள கார்டெல் மேடக்ஸ்... நேத்து மிசிசிப்பியில, மெரிடியன் பக்கத்துல, கார் விபத்துல..."

மேலே பேச முடியாமல் அந்த அறிவிப்பாளன் என் அண்ணனின் பாட்டையே போட்டுவிட்டான்.

மிஸ் யூலா வீறிட்டாள். செய்தியைக் கேட்டுக் கத்தினாளா, என் கையிலிருந்த சீப்பு அவள் காதில் பட்டுக் கத்தினாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள்தான் எங்கள் பக்கத்து வீடு. பாதித் தலை நீவியும் பாதித் தலை சுருண்டும் நாற்காலியிலிருந்து எழுந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"வீனி, இங்க நிக்காதடி. ஓடு! வேற யாராவது போயி உங்கம்மாகிட்டச் சொல்றதுக்கு முந்தி ஓடு!"

என் முழுப்பெயர் லவீனியா. அந்த முழுப்பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர்கள் போதகரும் போலீஸும்தான். ஓடினேன். ஓடும்போது தெருவில் இருக்கிற எல்லாக் கடையிலிருந்தும், முடிதிருத்துகிற கடை, மீன் வறுக்கிற கடை, பில்லியர்ட்ஸ் கூடம், எல்லாவற்றிலிருந்தும் அண்ணன் குரல் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் ரேடியோ கிடையாது. அதற்குக் காரணமும் அதே பாட்டுத்தான்.

அம்மா மவுண்ட் பிஸ்கா பாப்டிஸ்ட் சபையில் பாடல் நடத்துகிறவள். ஊரில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர் மேடக்ஸ். அவளே கட்டின பாட்டு ஒன்று உண்டு. 'கர்த்தாவே, என் வாசலில் நில்லும்' என்று தொடங்கும். அதை அவள் பாடினால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் தொப்பிகள் எல்லாம் ஆடும். யாராவது ஒருத்தர் ஆவியில் நிறைந்து எழுந்துவிடுவார். அவள் ஒரு வரி பாட, அண்ணன் பதில் வரி பாடுவான். வார்ப்பட ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, இடது கை சுண்டுவிரலின் நுனியை எந்திரத்துக்குக் கொடுத்த பிறகும் ஞாயிறு தவறாமல் பாடினான்.

பிறகு ஒரு நாள் மெம்பிஸ் போய் ஒரு ரெக்கார்டு பண்ணிவிட்டு வந்தான். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் அம்மா சமையலறையில் காராமணி உரித்துக்கொண்டிருக்கும்போது அது ரேடியோவில் வந்தது. அவளுடைய மெட்டு. அவளுடைய கெஞ்சல். அவள் மூச்சு வாங்குகிற இடங்கள்கூட அதே இடங்கள். 'கர்த்தாவே' இருந்த இடத்தில் மட்டும் 'கண்ணே' இருந்தது. கண்ணே, என் வாசல்ல நில்லு.

அதுவரை ரேடியோவில் காதல் பாட்டு என்றால் குரலில் எண்ணெய் தடவிக்கொண்டு பாடுவார்கள். அண்ணன் அப்படிப் பாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டியிட்டு அழுகிறவன் எப்படிப் பாடுவானோ அப்படி, ஒரு பெண்ணைப் பார்த்துப் பாடினான். பின்னால் இதற்குப் பெயர் வைத்தார்கள், சோல் என்று, அதாவது ஆன்மாவின் பாட்டு. அவன்தான் ஆரம்பித்து வைத்தான் என்று எழுதினார்கள். அன்றைக்கு அதற்கு அந்தப் பெயர் வந்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பாவம்.

அம்மா காராமணிச் சட்டியை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "அது என் பாட்டு" என்றாள். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு போதகர் ஹைடவர் எல்லோர் முன்னிலையிலும் அண்ணனின் பெயரைச் சொல்லி சபையிலிருந்து விலக்கினார். அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. ரேடியோவை மிஸ் யூலாவுக்குக் கொடுத்துவிட்டாள். அண்ணன் வீட்டுக்கு வந்தால் சோறு போடுவாள், சட்டைக்குப் பொத்தான் தைப்பாள், பாட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். ஐந்து வருடம் அப்படியே போனது.

சாவுச் செய்தி வந்த அந்த வருடம், வசந்த காலத்தில் அண்ணன் ஒருமுறை வந்தவன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தான்.

"வீனி, ஜாக்சன்ல என்னை மேடையில இருந்து இறக்கிட்டாங்க."

"ஏண்ணே?"

"போலியாம். 'இவன் கார்டெல் இல்ல, போலி, போலி'ன்னு கத்துறாங்க. போன மாசம் கார்டெல் வந்தாராம். ஆறடி உயரமாம். பாக்க ராஜா மாதிரி இருந்தாராம். நீ யாருடா குள்ளன்னு ஒரு பொம்பள சோடாப் பாட்டிலைத் தூக்கி எறியுறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் அப்படி நடப்பதுண்டு. ரெக்கார்டு உறையில் கறுப்பர்களான எங்கள் ஆட்களின் படம் போட மாட்டார்கள். முகம் யாருக்கும் தெரியாது. பாட்டு ஹிட் ஆனதும் எவனாவது ஒரு தரகன், கொஞ்சம் பாடத் தெரிந்தவனைப் பிடித்து, அதே பெயரில் சின்ன ஊர்களுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

"அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்" என்றான் அண்ணன்.

இதெல்லாம் எனக்கு ரேடியோ செய்தியைக் கேட்டு ஓடும்போது நினைவிலேயே இல்லை. அண்ணன் செத்துவிட்டான் என்பது மட்டும்தான் தெரிந்தது.

அம்மா பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் மூச்சிரைக்க நின்றதைப் பார்த்தாள். ஏற்கெனவே தெருவில் யாரோ ஓலமிட்டு அழுகிற சத்தம் கேட்டது.

"கார்டெலா?" என்றாள்.

தலையாட்டினேன். அவள் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைக்கவும் இல்லை.

"ரேடியோவுல சொன்னானா?"

"ஆமாம்மா."

"எந்தப் பாட்டைப் போட்டான்?"

"உன் பாட்டைத்தாம்மா."

அப்போதுதான் அழுதாள். அவள் அப்படி ஒரு குரலில் அழுது நான் கேட்டதில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற பெண்கள் உள்ளே வரப் பயந்து அங்கேயே நின்றுவிட்டார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. வறுத்த கோழி, மக்ரோனி, பவுண்ட் கேக் என்று மேசையில் இடமில்லை. ஐந்து வருடம் எங்கள் அண்ணன் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட சபையார் எல்லோரும் வந்து அவன் சின்னதில் எவ்வளவு நல்ல பிள்ளை என்று பேசினார்கள். போதகர் ஹைடவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சிஸ்டர் மேடக்ஸ், அடக்க ஆராதனையை நம்ம சபையிலேயே வச்சுக்கலாம்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உசுரோட இருந்தப்ப சாத்துன கதவு, பாஸ்டர். பொணத்துக்குத் தெறக்குமா?"

அவர் வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் மிசிசிப்பியிலிருந்து உடலை வண்டியில் கொண்டுவந்து பிராக்டர் அடக்கச் சேவையில் இறக்கினார்கள். மிஸ்டர் பிராக்டர் எங்கள் அப்பாவை அடக்கம் செய்தவர். அண்ணனைக் குழந்தையிலிருந்து பார்த்தவர். எங்களை அழைக்க அவரே நேரில் வந்தார். வழியெல்லாம் எதையோ சொல்ல வாயெடுத்து வாயெடுத்து விழுங்கினார்.

"சிஸ்டர், முகத்துல ரொம்ப அடி. வீங்கிக் கெடக்கு. நான் இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே பாத்துருங்க."

பின்னறையில் மேசைமேல் வெள்ளைத் துணி. அதற்குக் கீழே நீண்டு கிடந்தது. நான் துணியின் மறுமுனையில் துருத்திக்கொண்டிருந்த பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பார்க்கத் தைரியமில்லை. அம்மா முகத்தைத் திறக்கவில்லை. பக்கவாட்டில் துணியை விலக்கி இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தடவினாள். பிறகு தடவுவதை நிறுத்தினாள்.

"வீனி."

"அம்மா?"

"விரல் இருக்கு."

எனக்குப் புரியவில்லை. அவள் அந்தக் கையைத் தூக்கி என் பக்கம் காட்டினாள். சுண்டுவிரல், நகம் நுனி எல்லாம் முழுசாக, மெழுகு மாதிரி நின்றது.

"இது என் புள்ள இல்ல."

மிஸ்டர் பிராக்டர் சுவரில் சாய்ந்து, "கால் நீளமா இருக்கேன்னு நெனச்சேன். நெனச்சேன். ஆனா யார்கிட்டப் போயிச் சொல்லுவேன்?" என்று முனகினார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த நேரத்தில்தான் மிஸ் யூலா வாசல் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். இன்னமும் அதே பாதித் தலை. எங்கள் தெருவில் அவள் வீட்டில் மட்டும்தான் தொலைபேசி.

"சிஸ்டர்! ஃபோன்ல பேய் பேசுது! கார்டெல் கொரல்ல பேசுது! 'மிஸ் யூலா, எங்கம்மாவைக் கூப்பிடுங்க, நான் சாகல'ங்குது! நான் ரிசீவரைத் தூக்கிப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன்!"

அண்ணன் வடக்கே டொலிடோவில் இருந்தான். முடிதிருத்துகிற கடையில், முகத்தில் நுரையோடு சாய்ந்திருக்கும்போது தன் சாவுச் செய்தியைக் கேட்டிருக்கிறான். கடைக்காரன் கத்தியைக் கையில் வைத்தபடியே, "பாவம், நல்லாப் பாடுவான்" என்றானாம்.

அம்மா ஓடவில்லை. நான்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அந்தப் பையனின் கையை மெதுவாக மேசைமேல் வைத்து, துணியால் மூடி, ஓரத்தைச் சரிசெய்தாள்.

"இவன் யார் பெத்த புள்ள?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினான். அம்மா தெருவிலேயே அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த உடல் யாருடையது என்று அதற்குள் ஓரளவு தெரிந்துவிட்டது. காரில் கிடந்த போஸ்டர்களைப் பார்த்துத்தான் மெரிடியனில் பெயரை முடிவு செய்திருக்கிறார்கள். அந்தப் போலியைக் கூட்டிக்கொண்டு சுற்றிய தரகன் காணாமல் போய்விட்டான்.

"அவன்தானா?" என்றான் அண்ணன். "ஜாக்சன்ல என்னைச் சோடாப் பாட்டிலால அடிக்க வச்சவன் அவன்தானா? வீனி, வா. எனக்கு அவன் மொகத்தைப் பாக்கணும்."

நானும் போனேன். சண்டைக்குப் போகிற மாதிரி கோட்டின் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனான். மிஸ்டர் பிராக்டர் அதற்குள் வீக்கத்தைக் குறைத்து, பவுடர் பூசி, மீசையைச் சீர் செய்து வைத்திருந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அண்ணனுடைய சட்டை மாதிரியே கழுத்தில் மடிப்பு வைத்த சட்டை. அண்ணன் மடித்த கையை இறக்கிவிட்டான்.

"என்னை மாதிரியே உடுத்தியிருக்கான் பாரு" என்று மட்டும் சொன்னான்.

அன்று பிற்பகல், வீட்டில் அழுகைக்காக வந்த கோழியையும் கேக்கையும் எல்லோரும் சிரித்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தபோது, ஓர் இளம்பெண் வாசலில் வந்து நின்றாள். சாயம் போன நீலக் கவுன், கையில் ஒரு தகரப் பெட்டி. கதவைத் திறந்தது அண்ணன். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் நெஜமானவரா?"

"நீங்க யாரும்மா?"

"எம் பேரு டெல்ஃபீன். டெல்ஃபீன் ரக்ஸ். அலபாமாவுல டோத்தன்ல இருந்து வர்றேன். நீங்க கொண்டாந்து வச்சிருக்கிற உடம்பு எங்க வீட்டுக்காரரு." அவள் குரல் ஆடவில்லை. "அவரு பேரு ஆல்டன். ஆல்டன் ரக்ஸ். ரேடியோவுல உங்க பேரைச் சொன்னாங்க. உங்க பேரைச் சொன்னா அது அவருதான்னு எனக்குத் தெரியும்."

அண்ணன் கதவைப் பிடித்தபடி நின்றான். மனதில் தயார் செய்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போனதோ. அம்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அந்தப் பெண்ணின் பெட்டியை வாங்கி, அவளை உட்கார வைத்தாள்.

அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஆல்டன் டோத்தனில் மரம் அறுக்கிற ஆலையில் இருந்தான். ரேடியோவில் அண்ணன் பாட்டை முதலில் கேட்ட அன்று வேலைக்குப் போகவில்லை. தரகன் வந்து கூப்பிட்டபோது அவள் வேண்டாம் என்றாளாம். 'அந்தாளு எல்லா ஊருக்கும் வர முடியாது, டெல்ஃபீன். அந்தப் பாட்டு வரட்டுமே' என்றானாம்.

"கார் கவுந்தப்ப அவருக்கு உசுரு இருந்துச்சாம்" என்றாள். "ரெண்டு ஆஸ்பத்திரியில உள்ள எடுக்கலியாம். நம்ம ஆளுங்களுக்கு எடம் இல்லன்னுட்டாங்களாம். மூணாவதுக்குப் போற வழியில போயிட்டாரு. கூட இருந்த டிரம்மரு சொன்னாரு."

அண்ணன் அன்று காலையிலிருந்து கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்த தொப்பியை மேசைமேல் வைத்தான். அதே பாதையில் அவனும் எத்தனை முறை போயிருக்கிறான் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகு டெல்ஃபீன் சும்மா உட்கார மாட்டேன் என்று என்னோடு தட்டு கழுவ வந்தாள். தட்டைத் துடைத்துக்கொண்டே, தானறியாமல், மெல்லப் பாடினாள். கண்ணே, என் வாசல்ல நில்லு. அவளுக்குப் பெரிய குரல் இல்லை. ஆனால் அண்ணன் பாடுகிற மாதிரி அவள் பாடவில்லை. கடைசி வரியில் அண்ணன் கூரை பறக்கிற மாதிரி கத்துவான்; அதுதான் அவன் முத்திரை. இவள் அந்த வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். சுத்தமாக. யாரோ நிஜமாகவே வாசலில் வந்து நிற்கிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்கிற மாதிரி. நான் திரும்பி வாசலைப் பார்த்தேன்! அப்புறம் கடைசி வரியை, ரகசியம் சொல்கிற மாதிரி, கீழே இறக்கிப் பாடினாள்.

பின்னால் ஏதோ உடைந்தது. அண்ணன் நிலைப்படியில் நின்றான். அவன் கையிலிருந்த காப்பிக் கோப்பை தரையில் சில்லுச் சில்லாகக் கிடந்தது.

"அப்படியா பாடுவான்?"

அவள் பயந்துபோனாள். "மன்னிச்சுக்கங்க. அவருக்கு அப்படித்தான் வந்துச்சு. சனங்க அந்த எடத்துல மூச்சு விடாம இருப்பாங்க."

"இன்னொரு தரம் பாடுங்க."

பாடினாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அவன் முகத்தில் நான் பார்த்தது மகிழ்ச்சி இல்லை. அடி வாங்கினவன் முகம்.

வெள்ளிக்கிழமை காலை சபைக்கு முன்னால் தெரு அடைத்துக்கொண்டிருந்தது. கார்டெல் சாகவில்லை என்று உள்ளூர் ரேடியோ சொல்லியிருந்தது. ஆனால் மிசிசிப்பியிலிருந்தும் அலபாமாவிலிருந்தும் ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. போதகர் ஹைடவர் படியில் நின்று கையைப் பிசைந்தார்.

"சிஸ்டர் மேடக்ஸ், உங்க மகனுக்குன்னுதான் சபையைத் தெறந்தோம். இது யாரோ... அதுவும் பொய்ப் பேர்ல கிளப்ல பாடுனவன்..."

"பெட்டி வந்துருச்சு, பாஸ்டர்" என்றாள் அம்மா. "பொண்டாட்டி வந்திருக்கா. நான் பாட வந்திருக்கேன். இன்னும் என்ன வேணும்?"

உடலை டோத்தனுக்கு எடுத்துப் போகவா என்று அண்ணன் கேட்டபோது டெல்ஃபீன் மறுத்திருந்தாள். "அங்க யாரும் அவரு பாடிக் கேட்டதில்ல. தெருவுல நிக்கிறாங்களே, அவங்க கேட்டிருக்காங்க. இங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

பெட்டி திறந்திருந்தது. சனங்கள் வரிசையாக வந்து பார்த்து அழுதார்கள். ஹாட்டிஸ்பர்க்கிலிருந்து வந்த ஒரு பருத்த பெண் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "கார்டெல்! என் ராசா! போன மாசம்தானே எங்க ஊர்ல பாடுனே!" என்று அரற்றினாள். அண்ணன் அவளைத் தாங்கிப் பிடித்து, மெதுவாகச் சொன்னான்:

"அம்மா, நான்தான் கார்டெல்."

அவள் அழுகையை நிறுத்தினாள். அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள். முகம் கோபத்தில் இறுகியது.

"ஏம்ப்பா, உனக்கு வெக்கமா இல்ல? மனுசன் பெட்டிக்குள்ள கெடக்கான். இந்நேரத்துலயா அவன் பேரைத் திருடுறே?"

பக்கத்தில் நின்றவர்கள் அவனைப் பிடித்துத் தள்ளினார்கள். சொந்த ஊரில், ஞானஸ்நானம் எடுத்த சபையில், அம்மா கண்முன்னால், என் அண்ணன் போலியாகிவிட்டான். எங்கள் ஊர்க்காரர்கள் ஓடி வந்து, "இவன்தான், இவன்தான்" என்று கத்த, அவர்கள் "இல்லவே இல்லை" என்று கத்த, ஒரு நிமிடம் அடக்க ஆராதனை அடிதடியாகிவிடும்போல இருந்தது.

டெல்ஃபீன் எழுந்து நின்றாள். "அவரு சொல்றது நெஜம்" என்றாள். "இது என் புருசன். பேரு ஆல்டன் ரக்ஸ்."

சபை அப்படியே அடங்கிப்போனது. ஹாட்டிஸ்பர்க் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வந்தவர்களில் சிலர் எழுந்து வெளியே போனார்கள். ஏமாந்துவிட்டோம் என்கிற கோபம். பெரும்பாலோர் இருந்தார்கள். அண்ணன் பெட்டியின் தலைமாட்டில் போய் நின்று, ஆல்டன் ரக்ஸ் என்ற பெயரைத் தெளிவாக, இரண்டு முறை சொன்னான். அம்மா தன் பாட்டை எடுத்தாள். அண்ணன் பதில் வரி பாடினான், ஐந்து வருடத்துக்குப் பிறகு. அவன் 'கர்த்தாவே' என்று பாடினானா 'கண்ணே' என்று பாடினானா என்று சபையார் பிற்பாடு பல மாதம் சண்டை போட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். சில வரியில் அது, சில வரியில் இது. போதகர் தலையைத் தூக்கவே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. முடியவில்லை.

அடுத்த வருடம் அண்ணன் மெம்பிஸ் போய் அதே பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தான். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தினான். வாத்தியமெல்லாம் நின்றது. பிறகு தாழ்ந்த குரலில் அந்த வரி. நீங்கள் கேட்டிருப்பது அந்த ரெக்கார்டுதான். முதல் ரெக்கார்டு எங்கள் ஆட்களுக்குள் ஓடியது. இது கடல் தாண்டிப் போனது. லண்டனுக்குக் கூப்பிட்டார்கள், பாரிஸுக்குக் கூப்பிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் எல்லாம் பாட்டின் நடுவே நிறுத்திக் காதுகொடுக்க ஆரம்பித்தார்கள். 'மேடக்ஸ் மௌனம்' என்று பத்திரிகைகள் அதற்குப் பெயர் வைத்தன.

ஒரு நாள் அழகுநிலையத்தின் கதவு மணி அடித்தது. டெல்ஃபீன் நின்றாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் மரம் மாதிரி நின்றாள்.

"உங்க அண்ணன் எங்க?"

"டூர்ல இருக்கான். ஏன், என்ன ஆச்சு?"

"வேலை செய்யுற வீட்ல ரேடியோ ஓடிக்கிட்டிருந்துச்சு. அவரு கொரல் வந்துச்சு, வீனி. ஆல்டன் கொரல்! கையில இருந்த கொழந்தையைக் கீழ போட்டிருப்பேன். அப்புறம் உங்கண்ணன் பேரைச் சொன்னாங்க. எம் புருசன் உங்கண்ணன் பேரை எடுத்தாரு. அது தப்பு. செத்தும் போயிட்டாரு. அவர்கிட்ட அவரோடதுன்னு இருந்தது அந்த ஒண்ணுதான். அதை உங்கண்ணன் எடுத்துக்கிட்டாரே?"

அவளுக்காகத்தான் அண்ணன் அப்படிப் பாடுகிறான், அந்தப் பையனுக்குச் செய்கிற மரியாதை அது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

அவன் வந்ததும் சொன்னேன். நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்குத் தோணவே இல்ல, வீனி" என்றான். "கடவுள் சத்தியமா, எனக்குத் தோணவே இல்ல."

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே, "எம் பாட்டை எடுத்தப்பவும் உனக்குத் தோணல" என்றாள். அதைப் பற்றி அவள் அவனிடம் பேசியது அந்த ஒரே தடவைதான்.

அண்ணன் டோத்தனுக்குப் போனான். டெல்ஃபீன் கதவைத் திறக்கவில்லை. அடுத்த பதிப்பில் ஆல்டன் பெயரைப் போடச் சொல்லி ரெக்கார்டு கம்பெனிக்காரர்களிடம் கேட்டான். மேடையில் உன்னை மாதிரி நடித்தவன் பெயரையா போடச் சொல்கிறாய் என்று சிரித்தார்கள். பத்திரிகைக்காரர்களிடம் சொன்னான், அவர்கள் அதை எழுதவில்லை. அதன் பிறகுதான் ஒவ்வொரு கச்சேரியிலும் அந்தப் பாட்டுக்கு முன்னால் சொல்ல ஆரம்பித்தான்: "இந்தப் பாட்டு எங்கம்மாவோடது. நான் இதுல நிறுத்துற எடம் டோத்தன் ஊர் ஆல்டன் ரக்ஸோடது. நான் நடுவுல நிக்கிறவன்." சனங்களுக்கு அது பழகிப்போனது. யாரோ கற்பனை ஆள் என்று நினைத்துச் சிரிப்பார்கள், கைதட்டுவார்கள். அவன் சிரிக்காமல் காத்திருந்து, சத்தம் அடங்கிய பிறகுதான் பாடுவான். சாகிற வரைக்கும், நிஜமாகவே சாகிற வரைக்கும், ஒரு மேடையிலும் அதை விடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் பர்மிங்காமில் ஒரு கச்சேரி. நான் பின்வரிசை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இருக்கையில் டெல்ஃபீன் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், நல்ல தொப்பி வைத்திருந்தாள். அவள் மறுமணம் செய்துகொண்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னை அவள் பார்க்கவில்லை.

அண்ணன் மைக்கின் முன்னால் வந்து அந்தப் பேச்சைச் சொன்னான். அலபாமா அல்லவா, டோத்தன் என்றதும் அரங்கின் ஒரு மூலையிலிருந்து ஆரவாரம் கிளம்பியது. ஆல்டன் ரக்ஸ் என்றதும், சபையில் சொல்லுகிற மாதிரி யாரோ ஒரு பெரியவர், "ஆமென்! சொல்லு மகனே!" என்றார். நாலாபக்கமும் 'ஆமென்' கேட்டது.

டெல்ஃபீன் எழுந்தாள். ஆர்கன் முதல் சுரத்தைத் தொடங்கும்போது அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசல் பக்கத்தில் என்னைப் பார்த்து நின்றாள்.

"பாட்டைக் கேக்காமலா போறே?" என்றேன்.

"பேரைச் சொல்றாருன்னாங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன்" என்றாள். "பாட்டு எனக்குத் தெரியும்."

என் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வெளியே போனாள்.